தபசு மரத்தில் மேகநாட்டு மாவீரன்

வேட்டிக்கு மேல் ஜட்டி போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் பைத்தியம் என்பார்கள். இறுக்கமான கால்சட்டைக்கு மேல் அதே ஜட்டியைப் போட்டுக்கொண்டு வானத்தில் பறந்தால் மாவீரன் என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் உயரம் மட்டும்தான் என்று இளமையில் நான் மனப்பூர்வமாக நம்பினேன். (இப்போதும் பாதி நம்புகிறேன். மீதிப் பாதி போன கதைதான் இது.)

எண்பதுகளின் தொடக்கம். திருவண்ணாமலையில் என் அப்பா மல்லாட்டை மண்டி வைத்திருந்தார். (வெளியூர்க்காரர்களுக்கு: நிலக்கடலை. எங்கள் பக்கம் ஒருவன் நிலக்கடலை என்று சொன்னால், ரேடியோவில் செய்தி வாசிக்கிறானா என்று திரும்பிப் பார்ப்பார்கள்.) அந்த மண்டியில் மூட்டைக்கு வாய் தைக்கும் கோணி ஊசி ஒன்று எனக்காகவே காத்துக்கொண்டிருந்தது. அதனிடமிருந்து தப்பித்துத்தான் மாமாவின் சினிமா கொட்டகைக்கு ஓடினேன். மாமா என்றால் அம்மாவின் தம்பி. அங்கே எனக்கு மேனேஜர் பதவி. டிக்கெட் கிழிப்பது, போஸ்டர் ஒட்டுவது, ஒட்டிய போஸ்டரைத் தின்னும் ஆட்டை விரட்டுவது எல்லாம் மேனேஜரின் பொறுப்புகள்.

பறக்கும் நாயகர்களின் படங்கள் என்றால் எனக்கு உயிர். மெட்ராஸ் போகும்போதெல்லாம் ஒன்று பார்த்துவிட்டு வருவேன். அந்தப் படங்களின் நாயகன் பகலில் ஊரே கிண்டல் செய்கிற அசடாக இருப்பான். ஆபத்து என்றால் ஒரு மறைவில் புகுந்து உடை மாற்றிக்கொண்டு வெளியே வருவான். அப்புறம் அவனைக் கண்டு மேகங்களே ஒதுங்கி வழிவிடும். ஊரே கிண்டல் செய்கிற அசடு என்ற முதல் தகுதி எனக்குத் தாராளமாக இருந்தது. உடை மாற்றுவது ஒன்றுதான் பாக்கி என்று நினைத்தேன்.

மாமாவை நச்சரித்து, காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, அப்படி ஒரு படத்தை எங்கள் கொட்டகைக்குக் கொண்டுவந்தேன். ஆங்கிலப் பெயர் யார் வாயிலும் நுழையாது என்பதால் 'மேகநாட்டு மாவீரன்' என்று நானே தமிழில் பெயர் வைத்து நோட்டீஸ் அடித்தேன்.

முதல் காட்சிக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து வாசலில் மல்லாட்டை விற்கிறவரே கடையைக் கட்டிவிட்டார். ரமணாசிரமத்துப் பக்கம் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்கள் வந்து குவிவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன். இந்த மாதிரி படங்களிடமிருந்து தப்பித்துத்தான் அவர்கள் கடல் தாண்டி இங்கே வந்திருக்கிறார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. ஒரே ஒருவர் வந்தார். கண்ணை மூடி, சம்மணம் போட்டு, படம் முடியும்வரை தியானம் செய்துவிட்டு எழுந்து போனார்.

மாமா என்னை அறைக்குள் கூப்பிட்டார்.

"டேய், பறக்குறதெல்லாம் நம்ம ஜனங்களுக்கு ஒரு விஷயமாடா? நம்ம சாமிங்க மலையையே தூக்கிக்கினு பறக்குது. உன் ஆளு வெறுங்கையோட பறக்கிறான். எவன்டா வருவான்?"

"மாமா, பப்ளிசிட்டி கம்மி. அதான்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள கூட்டம் வரணும். வரலேன்னா திங்கக்கிழம காலைல நீ உங்கப்பன் மண்டியில இருப்ப. நானே கொண்டாந்து உட்டுட்டு வருவேன்."

இரவெல்லாம் கோணி ஊசி என் கனவில் பறந்தது. காலையில் ஒரு யோசனையோடு எழுந்தேன். எல்லாரும் விளம்பர வண்டியில் போஸ்டர் வைக்கிறார்கள். நாம் மாவீரனையே வைத்தால் என்ன? அந்த மாவீரன் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அன்றே போஸ்டரைச் சுருட்டிக்கொண்டு தையல்காரர் அன்வர் பாயிடம் போனேன். எங்கள் வீட்டுக்குத் தலைமுறையாகத் தைக்கிற குடும்பம். அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு போஸ்டரை வெகு நேரம் பார்த்தார்.

"தம்பி, இவரு அவசரத்துல மாத்திப் போட்டுக்கினாரா?"

"இல்ல பாய். அதான் பேஷன்."

"நான் கௌரவமா தொழில் பண்றேன் தம்பி. நாளைக்கு உங்க அத்தா கேட்டா நான் இன்னா சொல்றது?"

ஒரு வழியாகச் சமாதானம் ஆனது. ஜட்டியை முழங்கால் வரை இறக்கி, கௌரவமான ஒரு அரை நிஜாராகத் தைப்பது என்று ஒப்பந்தம். மார்பில் இருந்த சூரியனை நட்சத்திரமாக மாற்றினார். ("எலக்‌ஷன் வர்ற நேரம். வாணாம்.") முதுகில் தொங்கும் சிவப்புத் துணிக்குப் பந்தல்காரரிடம் மிஞ்சிய ஜரிகைத் துணி கிடைத்தது. கடைசியாக, மாவீரனுக்குப் பாக்கெட்டே இல்லை என்பது அவர் மனதை மிகவும் வருத்தியது. "பாக்கெட் இல்லாம மனுசன் எப்புடி வெளிய போவான்?" என்று நிஜாரில் இரண்டு பக்கமும் ஆழமாகப் பாக்கெட் வைத்துவிட்டார். அந்தப் பாக்கெட்டை அன்று நான் மதிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய நாள். ஜட்கா வண்டியில் நான் இடுப்பில் கை வைத்து நின்றேன். பக்கத்தில் மைக் மணி. எங்கள் கொட்டகையின் மைக் செட்டும் அவனும் பிரிக்க முடியாதவர்கள். "இன்றே காணுங்கள்! தினசரி மூன்று காட்சிகள்!" என்று அவன் முழங்க, தேரடித் தெருவில் மாவீரனைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "இது மண்டிக்காரர் புள்ள இல்ல?"

டவுனில் மதிப்பில்லை என்றதும் வண்டியைக் கிரிவலப் பாதைக்குத் திருப்பச் சொன்னேன். அடி அண்ணாமலைக்கும் அப்பால் ஒரு கிராமத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா நடந்துகொண்டிருந்தது. அன்றைக்குத் தபசு.

எங்கள் ஆற்காட்டுப் பக்கத்துக்காரர்களுக்குத் தபசைப் பற்றிச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காக: பாரதக் கூத்தில், வனவாசம் போன வில்லாளி, சிவனிடம் அஸ்திரம் கேட்டுக் கயிலாயம் ஏறும் கட்டம் அது. அதற்காக ஊர் நடுவில் உயரமான பனைமரத்தை நட்டு, படிக்கட்டை அடித்து, உச்சியில் ஓர் ஆள் உட்காரும் அளவு பரண் கட்டுவார்கள். வில்லாளி வேஷக்காரர் படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறி, மேலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வில்வமும் வீசுவார். குழந்தை இல்லாத பெண்கள் பட்டினி கிடந்து, ஈரப்புடவையோடு மரத்தைச் சுற்றிக் காத்திருந்து முந்தானையில் பிடிப்பார்கள். அதற்காகச் சுற்றுவட்டார ஜனமே திரளும்.

நாங்கள் போன நேரம் மரத்தடியில் ஈ காக்கை இல்லை. வேஷக்காரரை மேளதாளத்தோடு அழைத்துவர ஊரே ஏரிக்கரைக்குப் போயிருந்தது. நான் அந்த மரத்தைப் பார்த்தேன். உச்சியைப் பார்த்தேன். ஜனங்கள் திரும்பி வரும் நேரத்தில் அந்த உச்சியில் நான் நின்று, முதுகுத் துணி காற்றில் படபடக்க, பூமாரி போல நோட்டீஸைக் கொட்டினால் எப்படி இருக்கும்! கொட்டிவிட்டு, அவர்கள் நெருங்குவதற்குள் இறங்கிவிடலாம்.

"வாணாண்ணே. சாமி மரம்" என்றான் மணி.

"அஞ்சு நிமிஷம்டா."

"உங்களுக்கு மரம் ஏறத் தெரியுமா?"

"இது மரமாடா? படி இருக்குது பாரு."

மலையடிவாரத்தில் பிறந்தவனுக்கு ஏறுவதைப் பற்றி என்ன பயம் என்று நீங்கள் நினைக்கலாம். மலையைச் சுற்றினாலே புண்ணியம் என்று சொல்கிற ஊர் எங்களுடையது. எனவே அதன் மேல் ஏற வேண்டிய அவசியம் எனக்கு ஏற்பட்டதே இல்லை. எனக்கு உயரம் என்றால் ஆகாது என்ற செய்தியே அன்றுதான் எனக்குத் தெரியவந்தது. அதுவும் மேலே போன பிறகு.

நோட்டீஸ் கட்டைப் பாக்கெட்டுகளில் திணித்துக்கொண்டு விறுவிறுவென்று ஏறினேன். பரணில் உட்கார்ந்து, ஒரு மாவீரப் புன்னகையோடு கீழே பார்த்தேன். அவ்வளவுதான். நான் ஏறிய மரம் வேறு, கீழே பார்த்த மரம் வேறு. ஜட்கா குதிரை எலி அளவுக்கு இருந்தது. காற்றடித்தால் மரம் ஆடியது, அடிக்காதபோது நான் ஆடினேன். இரண்டு கைகளும் கால்களும் என்னைக் கேட்காமலே மரத்தைக் கட்டிக்கொண்டன. இந்த லட்சணத்தில் நோட்டீஸை எடுப்பது எங்கே, வீசுவது எங்கே. முதுகுத் துணி மட்டும் திட்டப்படி படபடத்தது.

"அண்ணே! வர்றாங்கண்ணே! எறங்குங்க!" என்று மணி மைக்கிலேயே கத்தினான். அப்புறம் மேளச் சத்தம் கேட்டதும் மைக்கை அணைத்துவிட்டு வண்டிக்கு அடியில் போய்விட்டான்.

"கோவிந்தா! கோவிந்தா!" என்று, திரௌபதி அம்மன் கோயில் வழக்கப்படி, ஊர் திரண்டு வந்தது. நனைந்த புடவையோடு பெண்கள் மரத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள், சிலர் விழுந்து கிடந்தார்கள். அப்போதுதான் கோயில் தர்மகர்த்தா அண்ணாந்து பார்த்தார்.

"யார்றா அவன் மேல?"

மொத்தக் கூட்டமும் அண்ணாந்தது. மேளம் நின்றது. இறக்கித் தோலை உரிப்பார்கள் என்பது எனக்கு உறுதியாகத் தெரிந்தது. ஆனால் நான் தோலோடு இறங்கினால்தானே உரிப்பார்கள் என்ற ஒரு பயங்கரமான ஆறுதலும் இருந்தது.

என்னைக் காப்பாற்றியவன் கட்டியக்காரன். கூத்தில் கோமாளி வேஷம் அவனுடையது. கூத்து குலைந்துவிடக் கூடாது என்ற கவலையில் முன்னால் பாய்ந்து வந்தான்.

"சாமிகளே! அஸ்திரம்னா சும்மா குடுப்பாங்களா? வர்றவன் யோக்கியனான்னு பாக்க, சிவபெருமானு மேகலோகத்துல இருந்து ஒரு பூதத்த காவலுக்கு அனுப்பிக்கீறாரு!"

"கோவிந்தா!" என்றது கூட்டம். மேளம் மறுபடி ஆரம்பித்தது.

"பூதம் ஏன்டா பயந்துக்கினு கீது?" என்று ஒரு குரல்.

"உன் மூஞ்சியப் பாத்துதான்!" என்றான் கட்டியக்காரன்.

வேஷக்காரர் ஏழுமலை ஏறத் தொடங்கினார். முப்பது வயதுக்குள் இருக்கும். ஊரில் சைக்கிள் கடை வைத்திருப்பவர் என்று பிற்பாடு தெரிந்தது. காவி உடுத்தி, உருத்திராட்சம் போட்டு, தோளில் பழமும் விபூதியும் நிறைந்த பையோடு படிக்கு ஒரு விருத்தம் பாடினார். பாதி உயரம் வந்ததும், அதே ராகத்தில், கீழே கேட்காதபடி கேட்டார்:

"யார்றா நீ...?"

"டாக்கீஸ் மேனேஜருங்க."

"எறங்குடா..."

"கால் வரலீங்க."

அடுத்த விருத்தத்தை அவர் பாடிய உருக்கத்தில் கீழே பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதில் இருந்தது முழுக்க என்மேல் வந்த ஆத்திரம் என்பது அவர்களுக்குத் தெரியாது. பரணை எட்டியதும், "நவுந்து ஒக்காருடா" என்றார். ஒருவருக்காகக் கட்டிய பரணில் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். பரண் முனகியது. நானும் முனகினேன்.

"ஏன்டா, பறக்குற வேஷம் போட்டுக்கினு எறங்க வராதா உனக்கு?"

"உங்களுக்குப் பயமே இல்லீங்களா?"

அவர் கீழே கும்பிட்டபடி, உதட்டை அசைக்காமல் சொன்னார்: "இல்லாமயா? படிக்கு ஒரு பாட்டு எதுக்குன்னு நெனச்ச? கீழ பாக்காம இருக்கத்தான்."

அந்த நிமிடத்தில் எனக்கு அவர்மேல் பொங்கிய அன்பு, நான் பார்த்த எந்த மாவீரன்மேலும் பொங்கியதில்லை.

அவர் பழங்களை வீசத் தொடங்கினார். ஒவ்வொரு பழத்துக்கும் கோவிந்தா முழங்கியது. அந்த வருஷம் பெண்கள் கூட்டம் ஜாஸ்தி. பை காலியானது. ஓரமாக நின்ற ஒரு பெண் மட்டும் விரித்த முந்தானையை மடக்கவே இல்லை. மற்றவர்கள் பழத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். அவள் அண்ணாந்தபடியே நின்றாள். அவ்வளவு உயரத்திலிருந்தும் அந்த முகம் எனக்குத் தெரிந்தது. அதைப் பார்த்ததும் என் பயம்கூட ஒரு கணம் வாயை மூடிக்கொண்டது. இவள் எவ்வளவு பெரிய விஷயத்துக்காகப் பட்டினியாக நிற்கிறாள், நான் எதற்காக இங்கே ஏறி உட்கார்ந்திருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது.

"பழம் ஆயிடுச்சு. விபூதி கீது. இந்தக் காத்துல போட்டா செங்கம் டவுனுக்குத்தான் போய்ச் சேரும்" என்று ஏழுமலை பல்லைக் கடித்தார். "காகிதம் இருந்தாலாவது மடிச்சுப் போடலாம்."

"எங்கிட்ட காகிதம் இருக்குங்க" என்றேன்.

பாக்கெட் வைத்த அன்வர் பாய் வாழ்க! ஒரு கையால் மரத்தைக் கட்டிக்கொண்டு, இன்னொரு கையால் நோட்டீஸை உருவிக் கொடுத்தேன். கோயிலில் விபூதி மடித்துத் தருவார்களே, அதே மடிப்பு. ஏழுமலை மடித்து, கண்ணில் ஒற்றி, குறி பார்த்துப் போட்டார். (வில்லாளி அல்லவா.) பொட்டலம் நேராக அந்த முந்தானையில் விழுந்தது. அவள் அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். உடனே மற்றவர்களும் "எங்களுக்கும் சாமி!" என்று கையேந்த, இருவருமாக மடித்து மடித்துப் போட்டோம். பொட்டலத்துக்குப் பொட்டலம் வெளிப்பக்கத்தில் மேகநாட்டு மாவீரன் கையை நீட்டிப் பறந்துகொண்டிருந்தான்.

இறங்க வேண்டிய நேரம் வந்தது. ஏழுமலை எனக்குக் கீழே ஒரு படி நின்று, "பாடு. பாடிக்கினே காலை வை. நான் புடிச்சுக்கிறேன்" என்றார்.

எனக்குப் பாட்டு எதுவும் வரவில்லை. பயத்தில் எல்லாம் மறந்துவிட்டது. காலையிலிருந்து காதில் விழுந்துகொண்டிருந்த ஒன்றுதான் ஞாபகம் வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு அடித்தொண்டையில் கத்தினேன்:

"தினசரி மூன்று காட்சிகள்!"

"கோவிந்தா!" என்றது கூட்டம். ஒரு கால் இறங்கியது.

"பெண்களுக்குத் தனி இடவசதி உண்டு!"

"கோவிந்தா!"

"குடும்பத்துடன் காணத் தவறாதீர்கள்!"

"கோவிந்தா! கோவிந்தா!"

இப்படியே தரை, பெஞ்சு, சேர் என்று எல்லா வகுப்புகளையும் ஏலம் விட்டுக்கொண்டு பூமிக்கு வந்து சேர்ந்தேன். வந்ததும் மண்ணில் குப்புற விழுந்து கிடந்தேன். அம்மனுக்குச் சாஷ்டாங்க நமஸ்காரம் என்று பலர் நினைத்தார்கள். உண்மையில், இந்தத் தரையாவது ஆடாமல் இருக்கிறதா என்று கட்டிப்பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தர்மகர்த்தா அப்படி நினைக்கவில்லை. "சாமி மரத்துல ஏறுனதுக்கு அபராதம். திருவிழா முடியற வரைக்கும் உங்க மைக் செட்டு இங்கதான் பாடணும்" என்றார். வண்டிக்கு அடியில் இருந்த மணியையும் சேர்த்தே பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

மைக் செட்டும் இல்லாமல், மணியும் இல்லாமல், கிழிந்த முதுகுத் துணியோடு வந்து நின்ற என்னை மாமா ஏற இறங்கப் பார்த்தார். அப்பாவுக்குச் சொல்லி அனுப்ப ஆளைத் தேடினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொட்டகை வாசலில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் வரிசையாக. அந்தக் கிராமமே வந்திருந்தது. விபூதிப் பொட்டலத்தில் படம் இருந்தது, படத்தின் கீழே கொட்டகையின் பேர் இருந்தது, மேலிருந்து பூதமே வாய்விட்டுக் கூப்பிட்டும் இருந்தது. வராமல் இருப்பார்களா? செருப்புகளை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார்கள். மாவீரன் முதல் தடவை பறந்தபோது கொட்டகை இடிந்து விழும்படி "கோவிந்தா!" கேட்டது. ஒருவர் திரைக்கு முன்னால் போய்க் கற்பூரம் ஏற்ற, மாமா மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆங்கிலம் புரியாதது பற்றி யாரும் குறை சொல்லவில்லை. சாமி பேசுவது எல்லாருக்குமா புரிகிறது?

படம் ஓடியது. கோணி ஊசி வேறு ஆளுக்குப் போனது. மாமா மட்டும் கடைசிவரை தன் கட்சியை விடவில்லை. "நான் சொன்னது சரிதான்டா. இப்ப உன் ஆளு வெறுங்கையோடவா பறக்கிறான்? விபூதியோட பறக்கிறான்" என்பார்.

அடுத்த வருஷத் திருவிழாவுக்கு முன்னால் ஒருநாள், அந்த முந்தானைக்காரப் பெண் கொட்டகைக்கு வந்தாள். பேர் பச்சையம்மாள். கையில் குழந்தை. என் கையில் கொடுத்து, "மேகநாதன்னு பேர் வெச்சுக்கீறோம். நீங்களும் ஒரு தபா கூப்புடுங்க" என்றாள்.

இந்தப் பெருமை என்னுடையது அல்ல என்று சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. "அம்மா, அது வெறும் சினிமா நோட்டீஸுங்க" என்றேன்.

"தெரியுங்க. எனக்குப் படிக்க வரும்" என்றாள். "விபூதி சாமியோடது. காகிதம் உங்களுது. ரெண்டு பேருக்கும் சொல்லிட்டுப் போறதுதான மொற?"

குழந்தையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். என்னைப் பார்த்துச் சிரித்தான். சிரித்துக்கொண்டே நனைத்துவிட்டான். இரண்டும் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

கொட்டகை இப்போது கல்யாண மண்டபம். நான் ஓய்வு பெற்ற மாவீரன். வீட்டில் ஒட்டடை அடிக்க ஏணியில் கால் வைத்தாலே என் மனைவி, "இருங்க, சைக்கிள் கடைக்காரருக்கு ஆள் அனுப்பறேன். அப்பறம் யாரு எறக்கறது?" என்பாள். இந்தக் கதையை மருமகள்களுக்கு முதல் வாரமே சொல்லிவிடுவது எங்கள் வீட்டுச் சம்பிரதாயம்.

மேகநாதன் கரண்ட் ஆபீஸில் லைன்மேன் ஆகிவிட்டான். எவ்வளவு உயரக் கம்பமானாலும் விசில் அடித்துக்கொண்டு ஏறுவான். போன மழையில் எங்கள் தெருவில் ஒயர் அறுந்தபோது அவன்தான் வந்தான். உச்சியில் நின்று வேலையை முடித்தவன், வாசலில் குடை பிடித்து நின்ற என்னைப் பார்த்துவிட்டான். ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி கத்தினான்:

"பெரியப்பா! தினசரி மூன்று காட்சிகள்!"

என் பின்னாலிருந்து என் மனைவி, மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள், எதிர்வீட்டுக்காரர் உட்பட எல்லாரும் ஒரே குரலில்:

"கோவிந்தா!"